பன்னி மேல் போட்ட பழி

எண்ணெய் காயும் வாசம் பிடிக்காமல் போனதுதான் முதல் அறிகுறி. கார்த்திகை மாசக் கடைசி. கோமதிக்குப் பிடிக்குமே என்று கருவாட்டுக் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். வெங்காயத்தைப் போட்ட மறு நிமிஷம் கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். கோமதி எட்டு மாச வயிற்றோடு பின்னாலேயே வந்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "வாந்தி எடுக்க வேண்டியவ நானு. நீங்க எடுக்கீய மதினி" என்று சிரித்தாள்.

கோமதி என் வீட்டுக்காரரின் தங்கை. நான் கல்யாணமாகி வந்தபோது எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். தாய் இல்லாத பிள்ளை. தலை பின்னிவிட்டதிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் கூட்டிவந்து நிறுத்தியது வரை எல்லாம் நான்தான். கழுகுமலையில் செந்திலுக்குக் கட்டிக் கொடுத்து நாலு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. ஐப்பசியில் வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம்.

எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகும் ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிறது. பெயரை எழுதவில்லை. இருக்கிற கெட்ட பேர் போதும். என் வீட்டுக்காரர் முருகேசன் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்கு லோடு வேன் ஓட்டுகிறார். நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். தெருப் பெண்கள் சேர்ந்து நடத்தும் மகளிர் குழுவுக்குத் தலைவியும் நான்தான். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. நாலாவது நாள் சிறுநீர் கடுங்காப்பி மாதிரி போனதும் வேனிலேயே ஏற்றிக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனார். டாக்டர் என் கண்ணிமையைக் கீழே இழுத்து ஜன்னலைப் பார்க்கச் சொன்னார். உடனே படுக்கை எழுதிவிட்டார். ரத்தம் எடுத்தார்கள். பிலிரூபின் ஏறிக் கிடக்கிறது என்றார்கள். ரத்தத்தில் பழைய அணுக்கள் உடையும்போது உண்டாகிற மஞ்சள் கழிவு அது. ஈரல் அதைப் பித்தத்தோடு வெளியே தள்ள வேண்டும். ஈரல் வீங்கிக் கிடந்தால் அது ரத்தத்திலேயே தங்கிக் கண்ணுக்கும் தோலுக்கும் ஏறிவிடுமாம்.

என்ன கிருமி என்று பார்த்த பரிசோதனை மறுநாள் மத்தியானம் வந்தது. ஹெபடைட்டிஸ் ஈ என்றார் டாக்டர். எனக்குப் பறக்கிற ஈதான் ஞாபகத்துக்கு வந்தது. ஈ மொய்த்த பண்டம் எதையும் நான் தின்னவில்லையே என்றேன். அவர் சிரிக்கவில்லை. அது இங்கிலீஷ் எழுத்து, ஏ, பி, சி, டி என்று வரிசையாக ஐந்து வைரஸ் உண்டு, இது ஐந்தாவது, மலம் கலந்த தண்ணீர் வழியாக வரும் என்று பொறுமையாகச் சொன்னார். இதற்கென்று தனி மருந்து கிடையாது. ஓய்வு எடுத்தால் அநேகமாக எல்லோருக்கும் ஈரல் தானாகவே தேறிவிடும்.

எழுதிக்கொண்டே, வீட்டில் கர்ப்பிணி யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். எட்டு மாசத்தில் நாத்தனார் இருக்கிறாள் என்றேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேரும் ஒரே தண்ணியா குடிச்சீங்க?"

"ஆமா டாக்டர். குழாத்தண்ணிதான்."

"இன்னைக்கே கொதிக்கவச்சுக் குடுக்கச் சொல்லுங்க. உங்களுக்கு இது வெறும் மஞ்சக்காமாலை. கடைசி மூணு மாசத்துல இருக்கிறவங்களுக்கு அப்படி இல்ல."

கொதிக்க வைத்தார்கள். ஆனால் இந்தக் கிருமி உள்ளே போய் ஒரு மாசம், சில பேருக்கு அதற்கு மேலும் கூட, சத்தமில்லாமல் இருந்துவிட்டுத்தான் தலை காட்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கோமதி வந்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஐந்து நாள் அந்த வார்டில் கிடந்தேன். வலி பெரிதாக இல்லை. அரிப்புதான் தாங்க முடியவில்லை. உள்ளங்கால், உள்ளங்கை, முதுகு என்று தோலுக்கு உள்ளேயிருந்து அரிக்கும். என் வீட்டுக்காரர் ஈரத்துண்டை உதறிப் போட்டு விசிறிக்கொண்டே இருப்பார். வேலைக்குப் போகிற வழியில் கஞ்சியை பிளாஸ்கில் கொண்டுவந்து, உப்பு போதுமா என்று தானே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத் தருவார். எதிர்த்த கேண்டீனில் வடை போடும் வாசம் வரும் நேரத்தில் அடுத்த கட்டில் அம்மாள், தெரியாத மனுஷி, எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வருவாள். நான் கேட்டதே இல்லை.

மூன்றாம் நாள் எங்கள் தெருவிலிருந்தே ஒருத்தி கண் மஞ்சளித்து வந்து சேர்ந்தாள். மறுநாள் இன்னும் இரண்டு பேர். நான் வீடு திரும்பியபோது தெருவே பயந்து கிடந்தது. எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு, சண்முகத்தாயின் பன்னிகள்.

சண்முகத்தாய் ஊருக்குத் தெற்கே ஓடைக்கரையில் குடிசை போட்டிருக்கிறவள். புருஷன் இல்லை. பத்துப் பதினைந்து பன்னி வளர்த்து, ஆள் வைக்காமல் ஒற்றையாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு வரும் குடிதண்ணீர்க் குழாய் அந்த ஓடையைத் தாண்டித்தான் வருகிறது. பன்னி புரளுகிற இடம், குழாய் வருகிற இடம், ஊரெல்லாம் காமாலை. வேறு என்ன யோசிக்க வேண்டும் என்றுதான் எனக்கும் பட்டது. பன்னிகளை அப்புறப்படுத்தச் சொல்லிப் பஞ்சாயத்துக்கு மனு எழுதினேன். முதல் கையெழுத்தை நானே போட்டேன். கால் பின்னுகிற உடம்போடு, கண் மஞ்சள் இறங்காமலே, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். நோயாளியே வந்து கேட்கிறாள் என்று யாரும் மறுக்கவில்லை.

மனு கொடுத்த மூன்றாம் நாள் கோமதி சோறு வேண்டாம் என்றாள்.

அன்றைக்கே கொண்டுபோனோம். நான் படுத்திருந்த அதே வார்டு, அதே டாக்டர். அவளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பரிசோதனை தினம் எடுத்தார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பது. உறைய வைக்கும் சரக்கைச் செய்து தருவதும் ஈரல்தானாம். நேரம் கூடிக்கொண்டே போனால் ஈரல் கைவிடுகிறது என்று அர்த்தம். இரண்டாம் நாளே கூடியது. திருநெல்வேலிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆம்புலன்சில் நானும் ஏறிக்கொண்டேன். உனக்கே உடம்பு ஆகவில்லை, இறங்கு என்றார் என் வீட்டுக்காரர். நான் இறங்கவில்லை. கயத்தாறு தாண்டும் வரை கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை உதைக்கிறான், உதைக்கிறான் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

திருநெல்வேலியில் ஒரு சின்ன டாக்டர் தினமும் காலையில் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, அவளைப் பெயர் எழுதச் சொல்வார். ஈரல் வடிகட்டாமல் விடுகிற நஞ்சு மூளைக்கு ஏறினால் கையெழுத்தில்தான் முதலில் தெரியும் என்றார். முதல் நாள் ‘கோமதி’ என்று ஒழுங்காக எழுதினாள். மறுநாள் ‘கோகோமதி’ என்று எழுதினாள். மூன்றாம் நாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மதினி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு. ஜடை போட்டுவிடுங்க."

சீப்பு இல்லை. விரலாலேயே கோதிப் பின்னிவிட்டேன். பின்னி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள். அது தூக்கம் இல்லை என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் பிள்ளையின் இதயத்துடிப்பு கேட்கவில்லை. ரத்தம் உறையாததால் அறுத்து எடுக்க முடியாது, மருந்து கொடுத்து வலி வரவழைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். பிளாஸ்மா என்று ரத்தத்தில் உள்ள மஞ்சள் நீர்ப் பகுதியைப் பை பையாக ஏற்றினார்கள். செந்திலும் என் வீட்டுக்காரரும் ஆள் பிடிக்க அலைந்தார்கள். தீப்பெட்டி ஆபீசில் கூட வேலை பார்க்கிறவர்கள் ஒரு வேன் நிறைய வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் பிள்ளையை எடுத்தார்கள். பையன். நகமெல்லாம் வளர்ந்திருந்தது. செந்தில் ஒரு துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு, யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று வெகுநேரம் நடையிலேயே உட்கார்ந்திருந்தார்.

கோமதி ஆறு நாள் கண் விழிக்கவில்லை. அந்த நாட்களில்தான் டாக்டர் ரெஜினா வந்தார். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. இந்த ஈ வைரஸில் என்னென்ன வகை எங்கெங்கே பரவுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர். முப்பது வயசு இருக்கும். எங்கள் ஊரில் காமாலை வந்தவர்களிடமெல்லாம் ரத்தமும் மலமும் வாங்கியிருந்தார். குழாய்த் தண்ணீர் பிடித்திருந்தார். சண்முகத்தாயிடம் போய்ப் பன்னிகளின் சாணத்தையும் எடுத்திருந்தார். வார்டுக்கு வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? எட்டு நாளைக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம். கக்கூஸ் குழி எங்கே இருக்கிறது? வாசல் பக்கம், கேட்டை ஒட்டி.

"குழாய்ல நேரடியா மோட்டார் வச்சு இழுக்கிறீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றேன்.

பொய். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் மோட்டார் இருக்கிறது. வீடு மேட்டில் இருப்பதால் தண்ணீர் நூலாகத்தான் விழும். மோட்டார் வை, மோட்டார் வை என்று சண்டை போட்டு வைக்க வைத்தவளே நான்தான். குழாயில் மோட்டார் மாட்டக் கூடாது என்று தெரியும். பிடித்தால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள் என்ற பயத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. உள்ளே கோமதி கண் திறக்காமல் கிடக்கிறாள், வெளியே நான் தண்ணீர் இணைப்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் அவள் விழித்தாள். வயிற்றைத் தடவிப் பார்த்தாள். செந்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தையில், பொங்கல் கழித்து, கழுகுமலைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் ஊர் திரும்பியபோது ஓடைக்கரை காலியாகக் கிடந்தது. மனுவுக்குப் பலன் கிடைத்திருந்தது. மூன்று நாளில் அப்புறப்படுத்தச் சொன்னதால், எங்கிருந்தோ வந்த வியாபாரி ஒருத்தன் கேட்ட விலைக்கு எல்லாப் பன்னிகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். நூறு நாள் வேலையில் சண்முகத்தாயைத் தனியாகத் தள்ளி உட்காரச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பன்னி போய் ஒரு மாசமாகியும் காமாலை நிற்கவில்லை. எங்கள் வீட்டுக்குக் கீழ்ப்புறம் இன்னும் மூன்று பேருக்கு வந்தது.

மாசியில் டாக்டர் ரெஜினா ஒரு தாளில் தெருவைப் படமாக வரைந்து எடுத்துக்கொண்டு வந்தார். முதலில் வகையைப் பற்றிச் சொன்னார். வைரஸுக்குள்ளே எழுத்து மாதிரி ஒரு வரிசை இருக்கிறது. அதைப் படித்தால் எந்தக் குடும்பம், எந்தக் கிளை என்று சொல்லிவிடலாம். இந்த ஈ வைரஸில் முதல் இரண்டு வகை மனுஷர்களுக்கு மட்டுமே வருவது. மூன்றாவதும் நாலாவதும் பன்னி மாதிரி மிருகங்களில் இருப்பது. சரியாக வேகாத கறி வழியாக எப்போதாவது மனுஷர்களுக்கும் வரலாம்.

"அந்தம்மாவோட பன்னியில இருந்தது நாலாவது வகை. உங்களுக்கு, உங்க நாத்தனாருக்கு, இந்தத் தெருவுல எல்லாருக்கும் வந்தது முதல் வகை. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. இது மனுஷன் கழிவுல இருந்து மனுஷனுக்கு வந்தது. எழுத்தும் எல்லாருக்கும் அநேகமா ஒண்ணு போல இருக்கு. அப்படின்னா ஒரே இடத்துல இருந்துதான் கிளம்பியிருக்கணும்."

படத்தில் காமாலை வந்த வீடுகளுக்குச் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். எங்கள் வீட்டுக்கு மேற்புறம், தண்ணீர் வருகிற பக்கம், ஒரு புள்ளிகூட இல்லை. எங்கள் வீட்டிலிருந்து கீழே வரிசையாக எல்லாம் சிவப்பு. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான்தான் எழுந்துபோய், மோட்டாரின் மேல் கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் டிரம்மை நகர்த்திக் காட்டினேன்.

மறுநாள் கேட்டுக்கு முன்னால் தோண்டினார்கள். எங்கள் மண் கரிசல். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழைக்கு ஊறிப் பொங்கும். அப்படி ஏறி இறங்கியதில் குழாயின் இணைப்பு ஒன்று விலகியிருந்தது. அதற்கு நாலடி தள்ளி எங்கள் கக்கூஸ் குழி. வெடிப்பு வழியாகக் குழித் தண்ணீர் அங்கே போய்த் தேங்கியிருந்தது. குழாயில் தண்ணீர் அழுத்தமாக வந்துகொண்டிருக்கிற வரைக்கும் வெளியே இருப்பது உள்ளே போகாதாம். நானோ தண்ணீர் நின்ற பிறகும் கடைசிச் சொட்டு வரை மோட்டாரை ஓடவிடுவேன். அது வெற்றுக் குழாயை உறிஞ்சும்போது, விலகிய இணைப்பு வழியாகக் குழித் தண்ணீரையும் சேர்த்து இழுத்தது. கொஞ்சம் என் தொட்டிக்கு வந்தது. மிச்சம் குழாயிலேயே கிடந்து, அடுத்த முறை தண்ணீர் விடும்போது கீழ்வீடுகளுக்குப் போனது. எங்கள் குழிக்குக் கிருமி எப்படி வந்தது என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. மஞ்சள் தெரியாமலே யாருக்காவது வந்து போயிருக்கும் என்றார். பெஞ்சில் கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பின்னால் வந்த மூன்று பேருக்கு வராமல் இருந்திருக்குமா என்று கேட்டேன். அவர் தாளை மடித்துக்கொண்டே, அதை என்னால் சொல்ல முடியாது என்றார்.

சாயங்காலம் சண்முகத்தாயிடம் போனேன். வெறும் பட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முள் விறகு வெட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"பன்னி மேல தப்பு இல்லன்னு அந்த டாக்டரம்மா எங்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனாவ" என்றாள். "எனக்குத் தெரிஞ்சதை எங்கிட்டயே எதுக்குச் சொல்லுதிய?"

நான் மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன். அவள் அரிவாளைக் கீழே வைத்தாள்.

"மனுவ வீடு வீடா கொண்டுபோனீயல்லா. இதையும் அப்படியே கொண்டுபோங்க."

கொண்டுபோனேன். மறுநாள் காலையில் மேற்குக் கோடியிலிருந்து ஆரம்பித்தேன். அன்றைக்குக் கையெழுத்து வாங்கிய அத்தனை வீட்டு வாசலிலும் நின்று, பன்னியால் இல்லை, என் வீட்டுக் குழியாலும் மோட்டாராலும் வந்தது என்று சொன்னேன். சில வீட்டில் உட்காரச் சொன்னார்கள். சில வீட்டில் பாதியிலேயே உள்ளே போய்விட்டார்கள். மகனை மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் போட்டிருந்த ஒருத்தி, என் முகத்தைப் பார்த்து, உன் நாத்தனாருக்கு வந்தது போதாது, உனக்குமே வந்திருக்க வேண்டும் என்றாள். எனக்கும் வந்ததை அவள் மறந்திருந்தாள். நானும் ஞாபகப்படுத்தவில்லை. அந்த வாரமே எங்கள் மோட்டாரைக் கழற்றினோம். தெருவில் எட்டு வீட்டில் மோட்டார் இருந்தது, நாலு வீட்டில் கழற்றினார்கள். குழுத் தலைவிப் பொறுப்பை நானே விட்டுவிட்டேன்.

கடைசியாகக் கழுகுமலைக்குப் போனேன். என் வீட்டுக்காரர், அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, ஆறட்டும் விடு என்று தடுத்தார். வேறு யார் வாயிலாவது கேட்பதைவிட நான் சொல்வது மேல் என்று நினைத்தேன். கோமதி முறத்தில் பாசிப்பயறு வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரொம்ப மெலிந்திருந்தாள். சொல்லி முடிக்கும் வரை கல் பொறுக்கிக்கொண்டேதான் இருந்தாள்.

"நான் வந்த புதுசுல ஒருநா தண்ணி நின்ன பொறவு நீங்க மோட்டார அமத்தப் போனீய" என்றாள். "இன்னும் ஒரு குடம் வரும், விடுங்க மதினின்னு நான்தான சொன்னேன்."

"உனக்கு என்னட்டி தெரியும்?"

"உங்களுக்கு மட்டும் தெரியுமா?"

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். முறத்தை என் மேல் வீசியிருக்கலாம். என் பாரத்தை இறக்கி வைக்கப் போய், அவளுக்குத் தெரியாமல் இருந்த ஒன்றை அவள் தலையில் ஏற்றிவிட்டு வந்தேன் என்று பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அவள் சொன்னது உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை.

எனக்கு ஈரல் சுத்தமாகத் தேறிவிட்டது. எண்ணெய் வாசம் இப்போது ஒன்றும் செய்வதில்லை. இணைப்பை மாற்றி, கக்கூஸ் குழியைத் தூர்த்து, கொல்லையில் தொட்டி கட்டியிருக்கிறோம். சண்முகத்தாய் திரும்பப் பன்னி வாங்கவில்லை. எங்கேயாவது எதிர்ப்பட்டால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

போன ஆடியில் கோமதியும் செந்திலும் வந்தார்கள். வாசலில் ஏறும்போதே, "நல்லாயிருக்கீயளா மதினி" என்று கேட்டுக்கொண்டு என் தோளைப் பிடித்தாள். சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரை டம்ளரில் ஊற்றி அவள் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டதும் புரையேறியது. இடது கையால் பக்கத்தில் கிடந்த பையைத் துழாவி, கழுகுமலையிலிருந்து கொண்டுவந்த பாட்டிலை எடுத்து, அண்ணாந்து குடித்தாள். குடித்து முடித்த பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா?" என்றேன்.

"வைங்க மதினி" என்றாள்.